தடுப்புச் சுவர் அனுமதி: நாலு அடி என்றால் எங்கிருந்து?

வீட்டுத் தோட்டத்துச் சரிவில் மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர் கட்ட வருகிற புதியவர்கள் வடிகால் குழாயை மறப்பார்கள், கல்லை மட்டம் பார்க்காமல் அடுக்குவார்கள். அதையெல்லாம் முதல் மழையே சொல்லிக் கொடுத்துவிடும். அனுமதி விஷயத்தில் நடக்கும் தப்புகள் அப்படியல்ல. சுவர் எழும்பி நின்ற பிறகுதான் தெரியவரும்.

எண்ணை மட்டும் பார்ப்பது

"நாலு அடிக்குக் கீழே பெர்மிட் வேண்டாமாமே" என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். சரி, நாலு அடி. எங்கிருந்து?

அமெரிக்க ஊர்கள் பலவற்றுக்கு அடிப்படையாக இருக்கும் மாதிரிக் குடியிருப்புக் கட்டட விதி, அந்த 4 அடியை அஸ்திவாரத்தின் அடிமட்டத்திலிருந்து சுவரின் தலைவரை அளக்கிறது. சியாட்டிலும் அப்படித்தான். கனடாவின் டொரொன்டோவில் கணக்கே வேறு. அந்த நகரம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் விதி, சுவரில் வெளியே தெரியும் உயரத்தைப் பார்க்கிறது. அது 1 மீட்டரைத் தாண்டி, பொது இடத்தையோ கட்டடத்துக்குள் போகும் வழியையோ ஒட்டியிருந்தால் அனுமதி வேண்டும். பிரிஸ்பேனிலும் 1 மீட்டர்தான். ஆனால் அங்கே இயற்கைத் தரைமட்டத்திலிருந்து எண்ணுகிறார்கள், சுவர் தாங்கும் மண்ணின் உயரமும் கணக்கில் வரும். சிட்னியில் அனுமதியில்லாமல் கட்டலாம் என்பது பொதுவாக 600 மில்லிமீட்டர் வரைக்கும்தான், அதுவும் மனை எல்லையிலிருந்து 1 மீட்டராவது தள்ளி.

இதைச் சொன்னால் "அளந்துதான் சார் கட்டினோம்" என்பார்கள். ஒருவர் டேப்பைப் புல்லில் வைத்துச் சுவர்த் தலைவரை இழுத்துக் காட்டினார்: மூன்றரை அடி. புல்லுக்குக் கீழே அஸ்திவாரத்தின் அடி இன்னும் ஒன்றரை அடி ஆழத்தில் இருந்தது. அவர் ஊரின் கணக்கில் அது 5 அடிச் சுவர். வேலையை நிறுத்தச் சொல்லி ஒட்டிய தாளோடு இன்ஸ்பெக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: "அடியில் போட்ட கம்பியைக் காட்டுங்கள்." கான்கிரீட்டுக்குள் போய்விட்ட கம்பியை எப்படிக் காட்டுவது? பின்பக்க மண், ஜல்லி, குழாய் எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டு, இரண்டு இடத்தில் கான்கிரீட்டைக் கொத்தித் திறந்து, பொறியாளரின் வரைபடத்தை வாங்கிக் கொடுத்த பிறகுதான் வேலை மேற்கொண்டு நகர்ந்தது. சுவருக்கு ஆன செலவை இந்தத் திருத்த வேலை தாண்டிவிட்டது. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். "எந்த மட்டத்திலிருந்து அளப்பீர்கள்?" என்று தோண்டும் முன் அனுமதி தரும் அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காதது

மேற்படி விலக்குகளில் பெரும்பாலானவை மேல்சுமை இல்லாத சுவருக்குத்தான். சுவருக்குப் பின்னால் கார் நிற்கும் இடமோ, வீட்டின் அஸ்திவாரமோ, மேலேறிப் போகும் சரிவோ இருந்தால் மூன்றடிச் சுவருக்கும் அனுமதி தேவைப்படலாம். சியாட்டிலில் மண்சரிவு அபாயமுள்ள நிலத்தில் அந்த விலக்கே கிடையாது.

ஒரு சுவரை இரண்டாக உடைத்துத் தப்பிக்கப் பார்ப்பது

ஆறடி வேண்டும், அதை மூன்றடியாக இரண்டு படி கட்டிவிடலாமே என்ற யோசனை. படிகள் நெருக்கமாக இருந்தால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவர் மேல்தான் இறங்கும். பல ஊர்களில் இரண்டையும் ஒரே சுவராக எண்ணுவார்கள். பிரிஸ்பேனில் விலக்கு வேண்டுமென்றால் இன்னொரு தடுப்புச் சுவரிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் 1.5 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும்.

பக்கத்து ஊர் மேஸ்திரியைக் கேட்பது

அவர் ஊருக்கு அவர் சொல்வது சரி.

அனுமதி வேண்டாம் என்றால் விதியே இல்லை என்று நினைப்பது

பெர்மிட்டுக்கு விலக்கு என்றால் விண்ணப்பம் போட வேண்டாம், அவ்வளவுதான். கட்டட விதி, எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, மனைக்குள் ஓடும் குழாய்களுக்கு ஒதுக்கிய பாதை எல்லாம் அப்படியே பொருந்தும். சாக்கடைக் குழாய்ப் பாதையின் மேல் அஸ்திவாரம் போட்டுவிட்டால், குழாயைப் பழுதுபார்க்க வருகிறவர்கள் முதலில் சுவரைத்தான் எடுப்பார்கள். திரும்பக் கட்டும் செலவு பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில்தான்.