தாய் தயாராகும் முன்பே ஓடிவிடும் பிள்ளை காம்பொனென்ட்

வலைப்பக்கத்தைக் காம்பொனென்ட் எனும் துண்டுகளாகக் கட்டும் லைப்ரரி ரியாக்ட்; ஒரு காம்பொனென்ட்டுக்குள் இருப்பது அதன் பிள்ளை. இதில் ரெண்டர், அதாவது திரையில் வரவேண்டியதைக் கணக்கிடுவது, மேலிருந்து கீழே போகும். ரெண்டருக்குப் பிறகு ஓடும் யூஸ்எஃபெக்ட் கீழிருந்து மேலே வரும். முதல் ரெண்டரில் பிள்ளையின் எஃபெக்ட் முடிந்த பிறகுதான் தாயினுடையது ஓடும். ஒரு மேப்பைத் தாயின் யூஸ்எஃபெக்ட்டில் உருவாக்கி ரெஃப்பில் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெட்டி) வைத்துவிட்டு, மேப்பில் மார்க்கர் (இடக்குறி) போடும் வேலையைப் பிள்ளையிடம் விட்டால், பிள்ளை எட்டிப் பார்க்கும்போது ரெஃப் காலியாகவே இருக்கும். ரெஃப் மாறுவதால் மறு ரெண்டரும் வராது. அதனால் மார்க்கர் வரவே வராது, பெரும்பாலும் எரர்தான் வரும்.

வேலையைச் சற்றுத் தள்ளிப்போடும் செட்டைம்அவுட்டில் 0 போட்டு ஒப்பேற்றாதீர்கள். இன்று ஓடும், நாளை மேப் தாமதமாக லோட் ஆனால் மறுபடி உடையும். மேப்பை ரெஃப்புக்குப் பதில், மாறினால் மறு ரெண்டர் தரும் யூஸ்ஸ்டேட்டில் வையுங்கள். அது வரும்வரை மேப் உட்காரும் டிவ் பெட்டியை மட்டும் ரெண்டர் செய்யுங்கள், பிள்ளையை வேண்டாம். ஒரு ரெண்டர் கூடும், அவ்வளவுதான். பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் ஸ்ட்ரிக்ட்மோடில், டெவலப்மென்ட்டின்போது எஃபெக்ட் இருமுறை ஓடும் என்பதால், எஃபெக்ட்டின் துப்புரவுப் பகுதியான க்ளீனப்பில் மேப்பை அழித்து ஸ்டேட்டையும் காலி செய்வது அவசியம்.

ரியாக்ட் போன்ற இன்னொரு கருவியான வியூவிலும், காம்பொனென்ட் பக்கத்தில் சேர்ந்ததும் ஓடும் ஆன்மவுன்டட் பிள்ளைக்கே முதலில். ஆனால் பிறகு தனியாக லோட் ஆகும் அசிங்க் காம்பொனென்ட்டுக்காகத் தாய் காத்திருக்காது. அங்கே பிள்ளையே எமிட் செய்து (தாய்க்குச் செய்தி அனுப்பி) 'தயார்' என்று சொல்ல வேண்டும்.