கரண்ட் போனால் இன்சுலினுக்கு மண்பானை

பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினை மூடி போட்ட டப்பாவில் வைத்து, டப்பாவைச் சின்ன மண்கலயத்துக்குள் இறக்குங்கள். கலயத்தைப் பெரிய மண்பானைக்குள் வைத்து, இடைவெளியில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனைத்து, ஈரத்துணியால் மூடினால் போதும். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம் வேண்டும், அடுப்பங்கரை ஆகாது.

பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். திறந்த இன்சுலின் பெரும்பாலும் 25 முதல் 30 டிகிரிக்குள் சுமார் 4 வாரம் தாங்கும் (சரியான கணக்கு பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் உண்டு, யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை). ஏப்ரல் மதியத்தில் கான்கிரீட் வீட்டு அறை அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்று அடிப்பதால் பானை நன்றாகவே குளிரும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம், அவ்வளவு குளிராது. மழைக்காலத்தில் நம்பவே வேண்டாம். உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

திறக்காத இன்சுலினுக்கு இது சரிப்படாது. அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், பிரிட்ஜ்தான். பிரீசரில் வைத்து உறைந்துபோனதை, உருகிய பிறகும் போடக்கூடாது. தெளிவாக இருக்கவேண்டிய மருந்து கலங்கியிருந்தாலும் தூக்கிப் போடுங்கள். சில வகை இயல்பிலேயே பால்போல இருக்கும். அதில் கட்டி தட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.