சின்னக் குழந்தையோடு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் வண்டலூர், மதியம் வழியில் ஓட்டல் சாப்பாடு, மாலையில் மெரினா. சென்னையில் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் இப்படித்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு இது சரி. இரண்டு மூன்று வயதுக் குழந்தை இதில் பாதியைக்கூடத் தாங்காது. வெளியே போன இடத்தில் அழுகை, அடம், சாப்பிட மறுப்பு என்று எது வந்தாலும், அன்று பகல் தூக்கம் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்று, இரண்டு வயதில் ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்று முதல் ஐந்து வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். பகல் தூக்கமும் இந்தக் கணக்கில் அடக்கம். குழந்தை வீட்டில் பன்னிரண்டரைக்குத் தூங்கும் என்றால், 12 மணிக்குத் திரும்பும் வண்டியில் ஏறியிருக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஒரே இடம் போதும். கடற்கரையை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சுமார் 600 ஹெக்டேர். அதை முழுக்கச் சுற்றிக் காட்டிவிட வேண்டும் என்று கிளம்புவதுதான் அங்கே நடக்கும் பெரிய தவறு. வாசலிலிருந்து உற்சாகமாக நடக்கத் தொடங்கும் குழந்தை முக்கால் மணி நேரத்தில் “தூக்கு” என்று நின்றுவிடும். அதன்பின் 12 கிலோவை இடுப்பில் சுமந்து வெயிலில் நடப்பது அப்பா, அம்மா வேலை. திறந்ததும் உள்ளே போய் முதலில் பேட்டரி வண்டியில் ஒரு சுற்று வாருங்கள். குழந்தை எந்த விலங்கைப் பார்த்துக் குதித்ததோ, அந்த இரண்டு மூன்று கூண்டுகளுக்கு மட்டும் பிறகு நடந்து போனால் போதும். வெயில் ஏறினால் விலங்குகளும் நிழலில் படுத்துவிடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டிலே நல்லது.

சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி ஏறும் முன் “வழியில் பசிக்கும்” என்று மூன்று இட்லியைத் திணிப்பார்கள். வளைவில் திரும்பும்போது அப்படியே வெளியே வரும். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே, வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகக் கொடுங்கள். ஓடும் வண்டியில் போன் பார்க்கக் கொடுத்தாலும் குமட்டல் வரும். மதியத்துக்குத் தயிர்சாதம் என்றால் காலையிலேயே தயிரை ஊற்றிப் பிசையக்கூடாது, பத்தரைக்கே புளித்துவிடும். குழைந்த சாதத்தில் வெதுவெதுப்பான பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து, சூடு ஆறியபின் மூடுங்கள். பன்னிரண்டு மணிக்குப் பதமாக இருக்கும். பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு ஃபிளாஸ்கில் வெந்நீரும் தனி டப்பாவில் அளந்த பவுடரும் கொண்டுபோய், தேவைப்படும்போது கலந்து, குடிக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

கடற்கரையில் சுண்டலைப் பொட்டலத்தோடு குழந்தை கையில் கொடுத்துவிடுகிறார்கள். முழுப் பட்டாணி, வேர்க்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன் எல்லாம் சின்ன மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய அளவில் இருப்பவை. ஓடிக்கொண்டே தின்றால் ஆபத்து இன்னும் அதிகம். சுண்டலை விரலால் நசுக்கி, உட்காரவைத்து ஊட்டுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். வேர்க்கடலையும் பாப்கார்னும் நான்கு வயதுவரை வேண்டாம்.

வெயிலில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் “ஓஆர்எஸ்” கரைசலைக் கடையில் கேட்டுவிட்டு, கையில் கிடைத்த இனிப்புப் பானத்தை வாங்கிவிடக்கூடாது. சர்க்கரை கூடிய பானம் வயிற்றுப்போக்கை அதிகப்படுத்தும். பானங்களின் பெயரில் “ஓஆர்எஸ்” என்ற சொல்லைப் பயன்படுத்த 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்ட பாக்கெட்டை வாங்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பாதி கொட்டி டம்ளரில் கலக்கினால் உப்பின் அளவு தவறிவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். மிச்சத்தை 24 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும்.

ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்கவைத்து ஓட்டுவது தினமும் கண்ணில் படுகிறது. பிரேக் பிடித்தால் முகம் நேராக ஹேண்டில்பாரில் மோதும். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் 2023 பிப்ரவரி முதல் கட்டாயம். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. காரில் முன் இருக்கையில் மடியில் வைப்பதும் அதே அளவு ஆபத்து. ஏர்பேக் விரியும் வேகம் குழந்தைக்குத் தாங்காது. “ரெண்டே நிமிஷம்” என்று நிறுத்திய காரில் தூங்கும் குழந்தையை விட்டுப் போகவே கூடாது. கண்ணாடியை விரற்கடை இறக்கி வைப்பதால் உள்ளே சூடு குறையாது.

அலையில் “கால் மட்டும்தானே” என்று நிறுத்தும்போது விரலைப் பிடிக்காதீர்கள். அலை பின்வாங்கும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். குழந்தை சரியும், ஈர விரல் நழுவும். மணிக்கட்டுக்கு மேலே பிடியுங்கள், பெரியவர் கடல் பக்கம் நில்லுங்கள்.

கூட்டத்தில் குழந்தை தொலைவது ஆள் குறைவாக இருக்கும்போது மட்டும் நடப்பதில்லை. தாத்தா, பாட்டி, சித்தி, மாமா என்று எட்டுப் பேர் போகும்போதும் நடக்கும். அம்மா அத்தையிடம் இருப்பதாக நினைப்பார், அத்தை அம்மாவிடம் என்று நினைப்பார். கை மாற்றும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “அத்தே, பாப்பாவை நீங்க பார்த்துக்கோங்க, நான் டிக்கெட் எடுத்துட்டு வரேன்.” அத்தை “சரி” என்ற பிறகே நகர வேண்டும். கிளம்பும்போது அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுங்கள். தேடும்போது “சிவப்பா, நீலமா” என்ற குழப்பம் இருக்காது. பால்பாயின்ட் பேனாவால் முன்கையின் உட்புறத்தில் போன் நம்பர் எழுதி, தண்ணீரில் அழியாமல் மேலே ஒட்டும் டேப் போடுங்கள். காணவில்லை என்று தெரிந்ததும் எல்லாரும் ஒரே திசையில் ஓட வேண்டாம். ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க, ஒருவர் வாசலுக்கும், கடற்கரையானால் தண்ணீர் ஓரத்துக்கும் போக, இன்னொருவர் அவசர உதவி எண் 112-ஐயோ குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ அழைக்கட்டும்.