விடுதிப் பிள்ளையின் வீட்டுக்குச் சேதி சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மோல்மீன், தட்டோன், பெகு பக்கத்துக் கிராமங்களிலிருந்து நம் பர்மாத் தமிழ்ப் பிள்ளைகள் பெட்டியும் பாயுமாக ரங்கூனுக்கு வந்து இறங்குவார்கள். விடுதியில் சேர்த்துவிட்டு இரவு பஸ்ஸுக்குக் கிளம்பும் அம்மாக்கள் எல்லாரும் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்: "சயாமா, என்ன ஏதுன்னு அப்பப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க." சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சரம்மா.

பன்னிரண்டு வருடமாகப் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன், கணக்குப் பாடமும் எடுக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதில்தான் எத்தனையோ தவறு நடக்கிறது. சிலவற்றை நானே செய்திருக்கிறேன். விடுதி நடத்துபவர்களுக்கும், டியூஷன் வகுப்பு வைத்திருப்பவர்களுக்கும், பிள்ளையை வெளியூரில் விட்டிருக்கும் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

போன் யார் கையில் இருக்கிறது?

எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான். நாம் வைபர் செயலியில் ஒரு அறிவிப்பைத் தட்டிவிட்டு, வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பக்கம் அதை யார் திறந்து பார்க்கிறார்கள் என்று யோசிப்பதில்லை.

நம் வீடுகளின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது தமிழ்ப் பள்ளிகளும் போயின. அதற்குப் பிறகு கோயிலில் நடந்த வகுப்பில் படித்தவர்களுக்குத்தான் தமிழ் எழுத்து தெரியும். வயல்வேலைக்குப் போன பலருக்குப் பர்மிய எழுத்தும் சரியாகக் கைவரவில்லை. ஆனால் தமிழ் பேசுவார்கள், பர்மியமும் பேசுவார்கள். பேச்சில் இரண்டு மொழி, எழுத்தில் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட பாட்டிமார்தான் இன்றைக்குப் பல பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அப்பா மலேசியாவில், அம்மா தாய்லாந்தில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டி தட்டோன் பக்கத்திலிருந்து முன்னறிவிப்பு இல்லாமல் வந்து விடுதி வாசலில் உட்கார்ந்திருந்தார். கையில் கைக்குட்டையில் சுற்றிய போன். முகம் வீங்கியிருந்தது, வழியெல்லாம் அழுதிருக்கிறார். "மூணு முட்டை வாங்கியிருக்காளே சயாமா, அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிடாதீங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். நான் அனுப்பிய மதிப்பெண் அட்டையின் படம். பர்மிய எண்ணில் ஒன்று என்பது வாய் சற்றே திறந்த வட்டம், சுழியம் மூடிய வட்டம். சின்னத் திரையில், கண் மங்கியவருக்கு, நூறு என்பது மூன்று சுழியமாகத்தான் தெரியும். அந்தப் பெண் கணக்கில் 100க்கு 100 எடுத்திருந்தாள். நூறு எடுத்ததற்காக ஒரு கிழவி இரவெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்திருக்கிறார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அட்டையில் இருந்த பெயரும் அவருக்கு விளங்கவில்லை. பள்ளிப் பதிவில் நம் பிள்ளைகள் பலருக்குப் பர்மியப் பெயர். வீட்டில் பாப்பா, தங்கச்சி, குலதெய்வத்தின் பெயர் என்று வேறு. பள்ளிப் பெயரை மட்டும் போட்டு அனுப்பினால், இது நம் பிள்ளையைப் பற்றித்தானா என்ற சந்தேகத்திலேயே பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள்.

இதற்கு நான் கண்ட வழி குரல் சேதி. முப்பது, நாற்பது விநாடி போதும். "பாட்டி, நான் விடுதிச் சயாமா பேசுறேன். நம்ம பாப்பா கணக்குல நூத்துக்கு நூறு. பர்மியப் பாடத்துல அறுபத்தி ரெண்டு, போன மாசத்தை விட எட்டு கூட. சாப்பாடு நல்லா சாப்பிடுறா." அட்டையின் படத்தையும் கூடவே அனுப்பலாம், ஆனால் படம் மட்டும் போகக்கூடாது. பாட்டி அதைப் பத்துமுறை போட்டுக் கேட்பார், பக்கத்து வீட்டுக்கும் போட்டுக் காட்டுவார். எழுத்தில் அனுப்பிய எதற்கும் இந்த மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

எழுத்திலேயே அனுப்பியாக வேண்டும் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. 2019 அக்டோபர் 1 முதல் நாடு பர்மிய எழுத்துக்கான பழைய சோஜி எழுத்துருவிலிருந்து உலகப் பொதுமுறையான யூனிகோடுக்கு மாறியது. மாறாத பழைய போன்கள் கிராமங்களில் இன்னும் உண்டு. அவற்றில் நம் சேதி கலைந்த எழுத்தாக வந்து நிற்கும். படித்தவர்களுக்கே ஒன்றும் புரியாது. பதில் வரவில்லை என்றால் அக்கறை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

சேர்க்கும் நாளிலேயே நாலு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். போன் யாரிடம் இருக்கும், அவருக்கு எந்த மொழி, படிப்பாரா கேட்பாரா, எந்த நேரத்தில் கையில் எடுப்பார். மலேசியாவில் இருக்கும் அப்பாவுக்கு நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு ஒன்பதரைக்கு நாம் ஓய்ந்து உட்கார்ந்து கூப்பிட்டால் அங்கே பதினொன்று. விடிந்தால் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர் அவர்.

வம்பு வந்தால் மட்டும் கூப்பிடுவது

நான் விடுதியில் படித்த காலத்தில் எங்கள் ஊரில் ஒரு கடையில்தான் போன். விடுதியிலிருந்து அழைப்பு என்று ஆள் வந்து சொன்னால் அம்மா அடுப்பை அணைக்காமலே ஓடுவாளாம். ஏனென்றால் நான் படித்த அந்த விடுதி மூன்றே காரணத்துக்குத்தான் கூப்பிடும். காய்ச்சல், கட்டணம், தண்டனை. அந்தப் பயம் அம்மாவுக்குக் கடைசிவரை போகவில்லை. நான் வேலைக்கு வந்த பிறகும், பகல் நேரத்தில் கூப்பிட்டால் "என்னாச்சு?" என்றுதான் எடுப்பாள்.

இன்றைக்கும் பல விடுதிகளில் இதுதான் நடக்கிறது. ஒன்றும் இல்லாத நாளில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். வீட்டுக்கு வேண்டியதே அந்த ஒன்றும் இல்லாத நாள்தான். முதல் தடவை தானே புடவை மடித்தாள், ஙாப்பி என்ற மீன் விழுதின் வாசனை பிடிக்காது என்றவள் இப்போது தொட்டுக்கொள்கிறாள், பக்கத்துக் கட்டில் பெண்ணோடு சேர்ந்துவிட்டாள். மாதத்துக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு வரி என்று கணக்கு வைத்துக்கொண்டால் முப்பது பிள்ளைகளுக்கு அறுபது வரி. நாளுக்கு இரண்டு வரி. முடியாத காரியம் இல்லை. இப்படிப் பழகிய வீட்டில் என்றாவது ஒருநாள் கெட்ட சேதி சொல்ல நேர்ந்தாலும் நம் வார்த்தையை நம்பிக் கேட்பார்கள்.

இதன் மறுபக்கத் தவறு, எல்லாரையும் எல்லாவற்றிலும் திணிப்பது. ஒரே வைபர் குழுவில் கட்டணம், விடுமுறை, சாப்பாட்டுப் பட்டியல், காலை வணக்கப் பூப்படம் எல்லாம் வந்தால் வீட்டுக்காரர்கள் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். அப்புறம் அவசரச் சேதியும் அதற்குள்ளேயே புதைந்துபோகும். அறிவிப்புக்கு ஒரு குழு, அதில் விடுதி மட்டும் பேசட்டும். பணப் பேச்சைத் தனியாக அந்தந்த வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். "கட்டணம் இன்னும் வரவில்லை" என்று ஊர் பார்க்கப் போடும் சேதி அந்த வீட்டைக் கூனிக்குறுக வைக்கும்.

மார்க்கை எப்படிச் சொல்வது

வகுப்பு முழுவதின் வரிசைப் பட்டியலையும் குழுவில் போடுவது மிகவும் பரவலான பழக்கம். முதல் ஐந்து வீட்டுக்கு மகிழ்ச்சி, மீதி எல்லா வீட்டிலும் அன்று இரவு திட்டு. கடைசியில் இருந்த ஒரு பெண் அடுத்த வாரம் போனில் பேசவே வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். அதோடு அந்தப் பட்டியல் போடுவதை நிறுத்தினேன். ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணும் அவரவர் வீட்டுக்கு மட்டும் போகிறது.

"நல்லா படிக்கிறா", "இன்னும் முயற்சி பண்ணணும்" என்பதெல்லாம் சேதியே இல்லை. நான் எழுதிய காலத்தில் பள்ளிப்படிப்பை முடிக்கும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஆறு பாடம், ஒவ்வொன்றிலும் 40 வேண்டும், ஒன்றில் தவறினாலும் முழுசும் போச்சு. இப்போது 2016-17ல் தொடங்கிய மாற்றத்தால் பள்ளிப்படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு வரை போகிறது. பெரியவர்கள் இன்னும் பள்ளியின் கடைசி வகுப்பை "பத்தாங்கிளாஸ்" என்றே சொல்வதால் "என் பேத்தி பத்து முடிச்சிட்டாளே, இன்னும் ஏன் விடுதி?" என்று கேட்கும் வீடுகள் உண்டு. இதையெல்லாம் ஆரம்பத்திலேயே உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும்.

மதிப்பெண் சொல்லும்போது எத்தனைக்கு எத்தனை, போன தடவை என்ன, எங்கே இடிக்கிறது, நாம் என்ன செய்கிறோம் என்று சொல்லுங்கள். "கணக்கில் 38. கூட்டல் பெருக்கலில் தவறு இல்லை, கேள்வியின் மொழி பிடிபடவில்லை. சனிக்கிழமை ஒரு மணி நேரம் கேள்வியை வாசித்துப் புரியவைக்கிறேன். மாசக் கடைசியில் திரும்பக் கூப்பிடுகிறேன்." இதைக் கேட்ட வீடு பிள்ளையைத் திட்டாது.

இன்னொன்று, தள்ளிப்போடாதீர்கள். இறுதித் தேர்வு மார்ச்சில். ஆகஸ்ட் பரீட்சையில் தெரிந்த குறையை ஜனவரியில் சொன்னால் வீட்டுக்காரர்கள் என்ன செய்ய முடியும்? வேண்டுதல் வைக்கத்தான் முடியும். மனம் நோகுமே என்று நாம் தள்ளிப்போட்ட ஐந்து மாதம் அந்தப் பிள்ளையுடையது.

காய்ச்சல்

மழைக்காலம் வந்தால் டெங்கு பயம். இங்கேதான் சேதி சொல்வதில் உயிரே அடங்கியிருக்கிறது. இரண்டு விதமாகத் தவறுவோம். பயமுறுத்த வேண்டாம் என்று இரண்டு நாள் மறைப்பது ஒன்று, "காய்ச்சல்" என்று ஒரு சொல் அனுப்பிவிட்டு அடுத்த சேதிக்கு ஆறு மணி நேரம் காக்கவைப்பது இன்னொன்று.

காய்ச்சல் என்றால் அன்றே சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை டிகிரி, என்ன கொடுத்தோம், தண்ணீர் குடிக்கிறாளா, கடைசியாக எப்போது சிறுநீர் போனாள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அடுத்து எத்தனை மணிக்குக் கூப்பிடுவோம். சொன்ன மணிக்குக் கூப்பிட்டே ஆகவேண்டும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும்.

டெங்குவில் காய்ச்சல் விட்டதும் வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும் சமயத்தில்தான் வரும். கடுமையான வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சுருண்டு கிடப்பது என்று தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. "ஜுரம் விட்டுடுச்சு, இனிமேல்தான் ரெண்டு நாள் கண்ணுல வெச்சுப் பார்க்கணும்" என்று வீட்டுக்கும் விளக்கிச் சொல்லுங்கள். வலிக்கு ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ கொடுத்துவிடக்கூடாது, ரத்தக் கசிவு கூடும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. ஊரிலிருந்து மாத்திரை வாங்கி ஆள்வழி அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு என்பதால் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

லைன் இல்லாத நாள்

2025 மார்ச் 28 நிலநடுக்கம் 7.7 அளவில் மண்டலே, சகாய்ங் பக்கத்தை உலுக்கியபோது அங்கே கரண்டும் போனும் போய்விட்டன. உறவினர் கதி தெரியாமல் தவித்தவர்களை எல்லாரும் பார்த்தோம். சாதாரண நாளிலேயே ரங்கூனில் மின்சாரம் மணிக்கணக்கில் முறைவைத்துத்தான் வருகிறது. எல்லா எண்ணையும் ஒரே போனுக்குள் வைத்திருப்பது பெரிய தவறு. நான் ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று எண், அதில் ஒன்று ரங்கூனிலேயே இருக்கும் சொந்தக்காரர் அல்லது கோயில் வழியாகத் தெரிந்தவர். லைன் விழுந்தால் அவர் நடந்தாவது வந்து பார்த்துப் போவார். பிள்ளையும் அந்த எண்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

விழாப் படங்களைப் பற்றி இரண்டு வரி. மேடை ஏறிய பிள்ளைகளின் படம் மட்டுமே வீடுகளுக்குப் போகிறது. திரை இழுத்தவளுக்கும் நாற்காலி போட்டவளுக்கும் அம்மா இருக்கிறாள். முகமும் பெயரும் ஊரும் சேர்த்துப் பொதுவில் போடுவதை இந்தக் காலத்தில் அறவே விட்டுவிடுங்கள்.

வீட்டுச் சேதி இங்கே வருவதில்லை

நாம் சொல்வதைப் பற்றியே பேசுகிறோம், கேட்பதை மறந்துவிடுகிறோம். ஒரு பெண் திடீரென்று படிப்பில் விழுந்தாள். மூன்று வாரம் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். தாத்தா இறந்த சேதியைத் தேர்வு முடியட்டும் என்று வீட்டில் மறைத்திருந்தார்கள். ஆனால் போனில் தாத்தாவைக் கேட்கும்போதெல்லாம் "தூங்குறாரு" என்று வந்த பதிலில் அவளுக்குப் புரிந்துபோயிருந்தது. யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் சேர்க்கும்போதே வீட்டாரிடம் கேட்டுவிடுகிறேன்: சாவு, நோய், வேலை போவது மாதிரி ஏதாவது நடந்தால் பிள்ளைக்கு யார் சொல்வது, எப்போது சொல்வது. முடிவு அவர்களுடையது, ஆனால் எனக்கு அன்றே தெரிய வேண்டும். பிள்ளை வீட்டோடு பேசும்போது பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்பதையும் விட்டுவிட்டேன். நாம் நின்றால் "நல்லாயிருக்கேன்" என்ற ஒரே வார்த்தைதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு முதல் எட்டு வரை விடுதிப் போன் வீட்டார் பேசுவதற்கு மட்டும். குரல் சேதியாகவும் அனுப்பலாம். தட்டோன் பாட்டியிடமிருந்து வாரம் தவறாமல் ஒன்று வரும். முதல் பாதியில் பேத்திக்குப் புத்திமதி, அப்புறம் மாடு கன்று போட்டது, கூரை ஒழுகுவது, யாருக்குக் கல்யாணம் என்று மூன்று நிமிடம் ஓடும். பேத்தி அதைக் கேட்டுவிட்டு, மாட்டுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பச் சொல்வாள்.