வலிக்காத தேமல்: தொழுநோயில் நாம் செய்யும் தவறுகள்

மேலூர் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருந்த எங்கள் மாமாவைப் பார்த்து ஊரே வியக்கும். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு ஐந்தாறு பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் அடிக்கும்போது மற்ற மாஸ்டர்கள் கையை உதறி ஊதிக்கொள்வார்கள். மாமா முகம்கூடச் சுளிக்க மாட்டார். "என்ன மாஸ்டர், கையா இரும்பா?" என்று கேட்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இடது சுண்டுவிரலில் எப்போதும் ஒரு கொப்புளம் இருக்கும். எப்போது சுட்டது என்று அவருக்கே தெரியாது. அதே கையில், முழங்கைக்கு மேலே, வெளிறிப்போன தேமல் ஒன்று. அரிக்கவில்லை, வலிக்கவில்லை. அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. வலித்தால் ஓடிப்போய்க் காட்டுவோம். தொழுநோய்க் கிருமியோ தோலோடு நரம்பையும் பிடித்து, வலியைச் சொல்லும் வழியையே அடைத்துவிடும். பெருகுவதிலும் அதற்கு அவசரம் கிடையாது. ஒன்று இரண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதனால் உடம்புக்குள் வந்து அடையாளம் காட்டச் சராசரியாக 5 வருடம், சிலருக்கு 20 வருடம்கூட ஆகலாம். "போன மாசம் யாரைத் தொட்டோம்" என்று யோசிப்பதில் அர்த்தமே இல்லை.

மாமா எட்டு மாதம் மெடிக்கலில் படர்தாமரைக் களிம்பு வாங்கிப் போட்டார். ஸ்டீராய்டு கலந்த களிம்பு தேமலின் தோற்றத்தையே மாற்றிக் குழப்பிவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. நடுவில் இரண்டு தனியார் மருத்துவர்கள், ஒரு மந்திரிப்பு. எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. கடைசியில் நோயைக் கண்டுபிடித்தது ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒரு பால்பாயிண்ட் பேனாவால். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பேனா முனையால் லேசாகத் தொட்டு, "தொட்ட இடத்தை விரலால் காட்டுங்கய்யா" என்றார் டாக்டரம்மா. தேமலுக்கு வெளியே தொட்டபோதெல்லாம் சரியாகக் காட்டினார். உள்ளே மூன்று முறை தொட்டாயிற்று. மாமா கண்ணை மூடியபடியே, "இன்னும் தொடலையேம்மா" என்றார். அப்புறம் முழங்கையின் உள்பக்கப் பள்ளத்தில் விரலை வைத்து உருட்டிப் பார்த்தார்கள். நானும் தொட்டுப் பார்த்தேன். சைக்கிள் பிரேக் வயர் மாதிரி நரம்பு தடித்திருந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

மருந்தும் இலவசம்தான். ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமின் மூன்றும் சேர்ந்த கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. 1995 முதல் உலகம் முழுக்க விலையின்றிக் கிடைக்கிறது. தேமல் எத்தனை, எத்தனை நரம்பு பாதித்திருக்கிறது என்று பார்த்து 6 மாதமோ 12 மாதமோ கொடுப்பார்கள். இந்த நோயில் காசு போவது மருந்து தொடங்குவதற்கு முன்னாலும், நரம்பு கெட்டுப்போன பின்னாலும்தான். பஸ் செலவு, போன நாட்கூலி, ஆறாத புண்ணுக்குக் கட்டு என்று அது நீளும்.

அடுத்த கூத்து வீட்டில் நடந்தது. அத்தை அன்றைக்கே தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். மாமா கடையை மூடினார். இரண்டும் தேவையே இல்லை. சாப்பாடு, பாத்திரம், பக்கத்தில் உட்காருவது, கைகொடுப்பது எதனாலும் இது தொற்றாது. பரம்பரையாகவும் வராது. மருந்து எடுக்காத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கிப் புழங்கும்போது, அவருடைய மூக்கு, வாயிலிருந்து வரும் துளிகள் வழியாகத்தான் பரவுகிறது. அப்படியே பரவினாலும் நூற்றில் 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இயல்பாகவே உண்டு. மருந்து தொடங்கிவிட்டால் பரப்பும் தன்மையும் சீக்கிரமே போய்விடும்.

தட்டைப் பிரித்த அத்தை, செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. கூடவே இருப்பவர்களுக்கு உடம்பு முழுக்கத் தேமல் பார்த்து, நோய் இல்லை என்றால் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பார்கள். செவிலியர் வீடு தேடி வந்த பிறகுதான் அது நடந்தது.

இன்னொரு குழப்பம் பெயரால் வந்தது. 'வெண்குஷ்டம்' என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண்களின் கல்யாணத்தைக் கெடுத்திருக்கிறோம். அந்த வெள்ளைத் திட்டுக்கும் தொழுநோய்க்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தொற்றவும் தொற்றாது. அதை வெண்புள்ளி என்றே சொல்லலாம்.

இருப்பதிலேயே பெரிய தவறை மாமா நான்காம் மாதத்தில் செய்தார். சிறுநீர் சிவப்பாகப் போவதும் தோல் கறுப்பதும் மருந்தால் வருவது, பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் திடீரென்று தேமல் சிவந்து வீங்கி, முழங்கையில் சுரீரென்று வலி வந்தபோது, "மருந்து சூடு, நமக்கு ஒத்துக்கல" என்று அவராகவே நிறுத்திவிட்டார். மூன்று வாரம். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியோடு மோதுவதால் வரும் எதிர்வினை. அந்த நேரத்தில் கூட்டு மருந்தை விடாமல், கூடவே பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் மருத்துவர் சொன்னபடி எடுக்க வேண்டும். நரம்பு பலவீனமாகி 6 மாதத்துக்குள் இதைத் தொடங்கினால் மீட்க வாய்ப்பு அதிகம். எதிர்வினை மருந்து முடிந்த பிறகும் வரலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு உணர்ச்சி கொஞ்சம் திரும்பியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே நின்றுவிட்டன.

அதற்கும் வழி உண்டு. தசைநாணை மாற்றிப் பொருத்தி மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவைசிகிச்சையை 1940களின் கடைசியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் செய்து காட்டினார். இன்று தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் அது இலவசம். கூலி போகிறதே என்று தள்ளிப்போடாமல் இருக்க 12,000 ரூபாய் உதவித்தொகையும் தவணையாகத் தருகிறார்கள். கேட்டு வாங்க வேண்டும். நம் மதுரைப் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் விசாரிக்கலாம். தொழுநோய்க்கென்றே பழைய மருத்துவமனை மானாமதுரை தயாபுரத்தில் இருக்கிறது.

"இந்த நோயைத்தான் ஒழிச்சாச்சே" என்பவர்களும் உண்டு. 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே என்று 2005இல் குறைந்ததைத்தான் அப்படி அறிவித்தார்கள். இப்போதும் நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். இதைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் சட்டப்பிரிவுகளை 2019இல் நீக்கினார்கள் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

பாதம் மரத்தவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் உச்சி வெயிலில், தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பதை அழகர் கேட்கவில்லை. மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு இலவசமாகக் கிடைக்கும்.

மாமா கடையை மறுபடி திறந்துவிட்டார். கல்லில் இப்போது அவர் மகன் நிற்கிறான். இவர் கல்லாவில் இருக்கிறார். ராத்திரி கடை சாத்தியதும் கையையும் காலையும் இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு தேங்காயெண்ணெய் தடவுகிறார். அப்புறம் டியூப்லைட்டுக்கு அடியில் அத்தை ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்க்கிறார், சிவந்திருக்கிறதா, கீறியிருக்கிறதா என்று. தட்டும் டம்ளரும் எப்போதோ ஒன்றாகிவிட்டன.