செல்லப் பிராணிக்குப் பெரிய ஆபரேஷனா? தலையாட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

"முழங்கால் லிகமென்ட் அறுந்துவிட்டது, எலும்பை வெட்டித் திருப்பி பிளேட் வைக்கணும்" என்று டாக்டர் சொன்னதும் நம் வாயில் முதலில் வருவது செலவு பற்றிய கேள்விதான். அதில் தப்பில்லை. ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இன்றே செய்தாக வேண்டுமா, பத்து நாள் பொறுக்குமா?

சிலவற்றுக்குப் பொறுக்காது. ஆழமான மார்புள்ள பெரிய நாய் ஒன்று வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பார்த்து எதுவும் வெளியே வராமல் எச்சில் ஒழுக நிலைகொள்ளாமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் ஒரு சொட்டு சிறுநீர்கூட வரவில்லை என்றாலும் அப்படித்தான். கருத்தடை செய்யாத பெண் நாய் சூட்டுக்கு வந்து சில வாரம் கழித்து தண்ணீராகக் குடித்துக்கொண்டு சோர்ந்து கிடந்தால் கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கலாம். இந்த மாதிரி நேரத்தில் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுப் பார்ப்போமே என்று அலையாதீர்கள். லிகமென்ட், இடுப்பு மூட்டு, மெதுவாக வளரும் கட்டி, இவற்றுக்கெல்லாம் யோசிக்க நேரம் இருக்கிறது, தாராளமாக இன்னொருவரிடம் காட்டலாம்.

கட்டி என்றால் ஒரு விஷயம். ஊசியால் கொஞ்சம் செல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்காமலே வெட்டிவிடலாம் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். நாய்களுக்கு அடிக்கடி வரும் மாஸ்ட் செல் கட்டியாக (ஒருவகைத் தோல் புற்றுநோய்) இருந்தால் சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து அகலமாக எடுக்க வேண்டும். முதல் தடவை ஒட்ட வெட்டிவிட்டால் இரண்டாம் தடவை வேலை இரட்டிப்பு.

சரி, பக்கத்து கிளினிக்கிலேயே செய்யலாமா? செய்யலாம். பெரிய ஆஸ்பத்திரி என்பதாலேயே நல்லது என்று நான் நினைப்பதில்லை. கத்தி பிடிப்பவர் யார், இதே ஆபரேஷனை அவர் வழக்கமாகச் செய்கிறவரா என்று நேராகவே கேளுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். பல கிளினிக்குகளில் எலும்பு நிபுணர் ஒருவர் வெளியிலிருந்து வந்து செய்துவிட்டுப் போவார். அதுவும் நல்ல ஏற்பாடுதான், ஆனால் அவர் போன பிறகு இரவு பதினோரு மணிக்கு ரத்தம் கசிந்தால் யார் வருவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நான் கத்தியைவிட மயக்க மருந்தைப் பற்றித்தான் அதிகம் கேட்பேன். பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த ஒரு பெரிய ஆய்வில், மயக்க மருந்து தொடர்பான இறப்பு நாய்களில் சுமார் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. அந்த இறப்புகளில் பெரும் பங்கு ஆபரேஷன் மேசையில் நடக்கவில்லை, முடிந்த பிறகு, அதிலும் முதல் மூன்று மணி நேரத்துக்குள் நடந்திருக்கிறது. ஆகவே கேள்வி இதுதான்: டாக்டர் வெட்டிக்கொண்டிருக்கும்போது மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் உடல் சூட்டையும் பார்க்க மட்டுமே ஓர் ஆள் இருப்பாரா, முழித்த பிறகும் அவர் பக்கத்தில் இருப்பாரா? வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நிம்மதி. பக் மாதிரி சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம், மயக்கத்தில் மூச்சு விடத் தொண்டையில் செருகிய குழாயை எடுத்த பின்தான் அவற்றுக்கு மூச்சு அடைக்கும் ஆபத்து அதிகம்.

முன்பரிசோதனையாக ரத்தம், சிறுநீரகம், கல்லீரல் பார்ப்பார்கள். டாபர்மேன், பாக்ஸர், மெய்ன் கூன் பூனை என்றால் இதய ஸ்கேனும் தேவையா என்று கேட்டுவிடுங்கள். கோலி இன நாய்களில் பல, ஒரு மரபணு மாற்றத்தால் சில மயக்க மருந்துகளுக்கு மிகையாக மயங்கும், அதையும் நினைவூட்டுங்கள். ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்றால், பூனைக்கு முதல் தடவையே ரத்த வகை பார்த்தாக வேண்டும், மாறிப்போனால் உயிருக்கே ஆபத்து.

முந்தைய இரவுச் சாப்பாடு விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. வளர்ந்த நாய், பூனைக்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்கச் சொல்வார்கள், தண்ணீரைப் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள். குட்டிகளுக்கும் இன்சுலின் போடும் பிராணிகளுக்கும் கணக்கு வேறு. முயலுக்கும் கினி பன்றிக்கும் பட்டினி கூடவே கூடாது, அவற்றால் வாந்தி எடுக்க முடியாது, குடல் நின்றுபோனால்தான் வினை.

அப்புறம் வீடு. முதல் இரவு நாய் முனகும், அது வலியாகவும் இருக்கலாம், மயக்கம் தெளியும் குழப்பமாகவும் இருக்கலாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் இரண்டு நொடிக்குள் மறுபடி ரோஸ் நிறம் வர வேண்டும். அழுத்தாமலே வெளிறிக் கிடந்தால் போன் போட்டுக் கேட்கும் நேரம் தாண்டிவிட்டது, தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். பூனை வலியைக் காட்டாது, கண்ணைச் சுருக்கி, தலையைத் தாழ்த்தி, கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொல்லும், இப்யூபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தையலை நக்காமலிருக்க மாட்டும் கழுத்துக் கூம்பைப் பாவம் என்று கழற்றாதீர்கள். பத்து நிமிடம் நக்க விட்டாலே தையல் பிரிந்துவிடும், பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் தையல் எடுப்பார்கள், அதுவரை பாவம் பார்க்க வேண்டாம். தினமும் ஒரே வெளிச்சத்தில் தையலை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் வீக்கம் கூடுகிறதா குறைகிறதா என்பது தெளிவாகத் தெரியும். பூனை இரண்டு நாள் எதையும் தொடவில்லை என்றால் தானாகச் சாப்பிடும் என்று காத்திருக்காதீர்கள், பட்டினியில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து இன்னொரு நோய் வந்துவிடும்.

லிகமென்ட் ஆபரேஷனில் கஷ்டமான கட்டம் மூன்றாவது வாரம். கால் ஊன்ற ஆரம்பித்த நாய் சோபாவில் ஏறப் பார்க்கும், ஆனால் வெட்டிய எலும்பு அப்போது கூடியிருக்காது. எட்டாவது வார வாக்கில் எடுக்கும் எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை கயிற்றில் கட்டித்தான் நடை, குட்டிக் குட்டி நடையாக. மாடிப்படிக்கும் வழுக்கும் தரைக்கும் இப்போதே ஏதாவது வழி பண்ணிவிட்டு ஆபரேஷன் தேதியைக் குறியுங்கள்.