முந்நூறு பேருக்கு வகுப்பு வேண்டாம், ஒரு குழுவோடு தொடங்குங்கள்: அஜைல் ஆலோசகர்களுக்கு ஒரு வழிமுறை

அஜைல் முறைக்கு, அதாவது மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக உருவாக்கி அடிக்கடி பயனருக்குக் கொடுத்துத் திருத்திக்கொள்ளும் முறைக்கு, மாற முடிவெடுத்த ஒரு மென்பொருள் நிறுவனம் ஆலோசகரை அழைத்ததும் முதலில் கேட்பது, ஊழியர்கள் முந்நூறு பேருக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து முடிக்க முடியுமா என்பதுதான். அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் இது நியாயமான கேள்வியே. செலவைக் கணக்கிடுவது எளிது, சான்றிதழ்களை எண்ணி மேலிடத்துக்குக் காட்டவும் முடியும். ஆனால் வகுப்பு முடிந்து இருக்கைக்குத் திரும்புகிறவருக்கு அதே ஒப்புதல் படிவங்களும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அதே ரிலீஸும், நான்கு புராஜெக்ட்டுகளுக்குப் பங்கு போடப்பட்ட நேரமுமே காத்திருப்பதால், கற்றதைச் செய்துபார்க்க அவருக்கு வழியே இருப்பதில்லை. எனவே அந்த அழைப்பை மரியாதையாக மறுத்துவிட்டு, ஒரு சிறு குழுவோடு சுமார் மூன்று மாதம் உடனிருந்து வேலை செய்யும் ஒப்பந்தத்தை முன்வையுங்கள்.

மறுப்பதற்குக் காரணம் கேட்பார்கள். அப்போது ஒரு தாளில் எளிய கணக்கைப் போட்டுக் காட்டலாம். ஐந்து பேர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேச வேண்டிய தொடர்புகள் 10. ஒன்பது பேர் என்றால் 36. ஐம்பது பேர் என்றால் 1,225. ஆள் கூடக் கூட வேலையைவிட ஒருங்கிணைப்பே பெரிதாகிவிடும் என்பதை மென்பொருள் பொறியாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எடுத்துக்காட்டினார். அஜைல் முறைகளுள் ஒன்றான ஸ்க்ரமுக்கு உரிய வழிகாட்டியின் 2020 பதிப்பும் ஒரு குழுவில் பொதுவாகப் பத்துப் பேரோ அதற்குக் குறைவாகவோ இருப்பதே வழக்கம் என்கிறது.

எந்தக் குழுவைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அவசரம் கூடாது. நிறுவனத்தின் மிகச் சிறந்த குழுவை எடுத்தால், அவர்கள் எதைச் செய்தாலும் வெற்றிதான் என்று மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். தீப்பற்றி எரிகிற புராஜெக்ட்டை எடுத்தால், எதையும் மாற்றிப்பார்க்கும் மூச்சு அவர்களுக்கு இருக்காது. உண்மையான பயனர்கள் உள்ள ஒரு தயாரிப்பு, அதை எழுதுபவரும் டெஸ்ட் செய்பவரும் எது முதலில் வேண்டும் என்று முடிவெடுக்கக்கூடியவரும் அடங்கிய ஆறேழு பேர், இந்த முயற்சியில் விருப்பம் ஆகியவை இருந்தால் போதும். அவர்களை இடையில் வேறு வேலைக்கு இழுக்கக்கூடாது என்பதையும், அவர்களுக்கு மேலுள்ள மேலாளர் வாரம் ஒரு மணி நேரம் உங்களோடு உட்கார்ந்து தடைகளை நீக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இந்த இரண்டுக்கும் ஒப்புக்கொள்ளாத நிறுவனத்தில் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

முதல் இரண்டு வாரம் எதையும் கற்பிக்க வேண்டாம். அண்மையில் முடிந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, கோரிக்கை வந்த நாள் முதல் பயனரின் கைக்குப் போன நாள் வரை அதன் பாதையைக் குழுவோடு சேர்ந்து சுவரில் வரையுங்கள். எடுத்துக்காட்டாக, பில்லைத் தரவிறக்கம் செய்யும் ஒரு சிறு வசதிக்கு நிரல் எழுத இரண்டு நாள் ஆகியிருக்கும். டெஸ்ட் சர்வர் கிடைக்க ஒன்பது நாள், ஒரு கையெழுத்துக்கு ஐந்து நாள், அடுத்த ரிலீஸுக்கு மூன்று வாரம் என்று மீதிக் காலம் முழுவதும் அது வரிசையில் நின்றிருக்கும். வேலை நடந்த நாட்களைப் பச்சையிலும் காத்திருந்த நாட்களைச் சிவப்பிலும் குறித்தால், யாரும் சொல்லாமலே கோளாறு எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தத் தாளை மேலாளரும் வந்து பார்க்க வேண்டும், ஏனெனில் சிவப்பு நாட்களில் பெரும்பகுதியைக் குறைக்கும் அதிகாரம் குழுவிடம் இருக்காது, அவரிடம்தான் இருக்கும்.

அதன் பிறகு மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். ஒரே நேரத்தில் கையில் எத்தனை வேலை இருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைப்பதே பெரும்பாலும் முதல் மாற்றமாக அமையும். தினமும் காலையில் நடக்கும் குறுங்கூட்டமான ஸ்டாண்ட்-அப்பில் ஒவ்வொருவராக நேற்று செய்ததை ஒப்பிப்பதற்குப் பதில், வேலைகளை அட்டைகளாக ஒட்டிக் கட்டம் கட்டமாக நகர்த்தும் பலகையின் வலது ஓரத்திலிருந்து, அதாவது முடியும் தறுவாயில் உள்ள வேலையிலிருந்து தொடங்கி, இதை இன்று முடிக்க யார் கைகொடுப்பது என்று கேட்கச் சொல்லுங்கள். டெஸ்டிங் கட்டத்தில் அட்டைகள் குவிந்திருந்தால், நிரல் எழுதுபவர் புதிய அட்டையை எடுக்காமல் டெஸ்டருக்கு அருகில் போய் உட்காரும் பழக்கம் இதிலிருந்துதான் பிறக்கிறது. பெரிய கோரிக்கையை எப்படிச் சிறியதாக உடைப்பது என்பது போன்ற பாடங்களை, தேவை எழும் அன்றே, அவர்களுடைய பேக்லாக்கையே, அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலையே, வைத்து அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கலாம். குழு தன் வேலைமுறையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டமான ரெட்ரோவில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் முடிவு செய்யட்டும்.

முன்னேற்றத்தை அளக்க, ஒரு வேலை தொடங்கிய நாளுக்கும் பயனரை அடைந்த நாளுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துவந்தாலே போதும். வேலையின் அளவுக்குக் குழுவே மதிப்பிட்டுத் தரும் எண்களான ஸ்டோரி பாயின்ட்டுகளைக் குழுக்களுக்கிடையே ஒப்பிட்டால், அடுத்த மாதமே எண் ஏறும், வேலை ஏறாது.

இரண்டாவது குழுவுக்குப் போகும்போது, நன்றாகச் சேர்ந்துவிட்ட முதல் குழுவைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பும் யோசனையை ஏற்காதீர்கள். புதிய குழுவினர் சில நாட்கள் வந்து அருகிலிருந்து பார்த்துப் போகட்டும். ஒரே தயாரிப்பில் பல குழுக்கள் கைவைத்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. 50 முதல் 125 பேர் வரையிலான தொகுதிகளாக இயங்கும் சேஃப் (SAFe), எட்டுக் குழுக்கள் வரைக்கும் பொருந்தும் லெஸ் (LeSS) ஆகிய முறைகள் அத்தகைய தேவைக்காகவே எழுந்தவை. ஆயினும் அவற்றை எடுப்பதற்கு முன், ஒரு குழு மற்றொன்றுக்காக எங்கே காத்திருக்கிறது என்பதைப் பட்டியலிட்டு, தயாரிப்பின் பிரிவுகளை மாற்றியமைத்தே அந்தக் காத்திருப்பை நீக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு நிறுவனத்தினர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அமைப்பே அவர்கள் உருவாக்கும் மென்பொருளின் அமைப்பாகவும் ஆகிவிடும் என்று கணினி நிரலாளர் மெல்வின் கான்வே 1968-இல் சொன்னது இந்த இடத்தில் மிகவும் பயன்படும்.

நிர்வாகம் அப்போதும் எல்லோருக்கும் ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டால், அரை நாள் பொதுக்கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்து, சுவரில் உள்ள அந்தத் தாளை முதல் குழுவினரே விளக்கும்படி விட்டுவிடுங்கள். நீங்கள் இல்லாமலே குழு தொடர்ந்து இரண்டு ரெட்ரோக்களை நடத்தி, அதில் முடிவு செய்ததை நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டால், உங்கள் வருகையை வாரம் ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டு, அடுத்த குழுவைத் தேடத் தொடங்கலாம்.